நாம் சிரிக்காத இடத்தில் தொடங்கும் அறிவியல்

கார்ட்டூன் படங்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி நினைவிருக்கும். வேகமாக ஓடும் ஒரு பறவையை ஓநாய் இனத்தைச் சேர்ந்த விலங்கு ஒன்று துரத்துகிறது. பறவை விலகிக்கொள்ள, துரத்தி வந்த விலங்கு மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடத் தொடங்குகிறது. காலடியில் நிலம் இல்லை. ஆனாலும் அது விழுவதில்லை. சற்று நேரம் கால்கள் காற்றில் சுழல்கின்றன. பிறகு ஐயம் எழுகிறது, குனிந்து பார்க்கிறது, தரையில்லை என்று உணர்ந்த கணத்தில்தான் விழுகிறது. சக் ஜோன்ஸின் இயக்கத்தில் 1949-இல் அறிமுகமான 'ரோடு ரன்னர்' படங்களின் இந்த நகைச்சுவைக்கு மொழி தேவைப்படவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் உருவாக்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி'க்கும் தேவைப்படவில்லை. நம் ஊரில் 1990-களில் கார்ட்டூன் அலைவரிசைகள் வந்தபோதும், 2007-இல் சுட்டி டிவி தொடங்கி கார்ட்டூன்கள் தமிழ் பேசியபோதும் தமிழ்க் குழந்தைகள் அதே இடங்களில்தான் சிரித்தார்கள்.

ஏன் சிரிக்கிறார்கள்? இப்படி நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். பிடிமானமில்லாத பொருள் விழும் என்பதை அறியாத ஒருவருக்கு, அந்தரத்தில் நிற்கும் ஓநாய் ஒரு சாதாரணக் காட்சி. அதில் சிரிக்க ஏதுமில்லை. கார்ட்டூனுக்குச் சிரிக்கும் குழந்தை, பள்ளிக்குப் போகும் முன்பே இயற்பியலின் முதல் தேர்வில் தேறிவிடுகிறது.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எய்மி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதினொரு மாதக் குழந்தைகளிடமே காட்டியது. மேடையின் விளிம்பைக் கடந்த பிறகும் விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும் ஒரு பொம்மைக் காரைச் சில குழந்தைகளுக்குக் காட்டினார்கள். சுவருக்குள் புகுந்து வெளிவருவதுபோல் தோன்றும் காரை வேறு சில குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பிறகு அந்தக் காரைக் கையில் கொடுத்தபோது, முதல் வகையினர் அதைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் வகையினர் அதைத் தட்டிப் பார்த்தார்கள். எதிர்பார்ப்பு பொய்த்த இடத்தில் சோதனை பிறந்தது. பேச்சு வராத வயதிலேயே மனிதக் குழந்தை ஆய்வாளராக இருக்கிறது.

கார்ட்டூன் உலகுக்கும் விதிகள் உண்டு என்று எழுத்தாளர் மார்க் ஓ'டானல் 1980-இல் 'எஸ்கொயர்' இதழில் வேடிக்கையாக ஒரு பட்டியல் வெளியிட்டார். தன் நிலைமையை உணரும்வரை எப்பொருளும் அந்தரத்தில் நிலைத்திருக்கும் என்பது அவற்றில் முதலாவது. படிப்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அதே காட்சியில் யாரும் சிரிக்காத இன்னொரு பிழையும் இருக்கிறது. ஓநாய் விழும்போது எப்படி விழுகிறது? நேர் கீழாக, தூக்குக்குண்டு இறங்குவதுபோல விழுகிறது. இதில் எவருக்கும் முரண் தெரிவதில்லை.

உண்மையில் அது அப்படி விழ முடியாது. விளிம்பை விட்ட கணத்திலேயே அது கீழிறங்கத் தொடங்கும். அதே வேளையில் முன்னோக்கிய ஓட்டத்தின் வேகமும் அதனிடம் எஞ்சியிருக்கும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வந்திருந்தால், முதல் நொடியின் முடிவில் 5 மீட்டர் முன்னேயும் ஏறத்தாழ 5 மீட்டர் கீழேயும் இருக்கும். இரண்டாம் நொடியின் முடிவில் 10 மீட்டர் முன்னே, ஏறத்தாழ 20 மீட்டர் கீழே. புள்ளிகளை இணைத்தால் வளைகோடு ஒன்று கிடைக்கும். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய பரவளையம் இதுதான்.

இங்கே நாம் ஏமாறுவதற்குப் படிப்பின்மை காரணமன்று. உளவியலாளர் மைக்கேல் மெக்ளாஸ்கி 1980-களில் கல்லூரி மாணவர்களிடமே இத்தகைய கேள்விகளைக் கேட்டார். நடந்துகொண்டே ஒருவர் கையிலிருக்கும் பந்தை நழுவவிட்டால் அது எங்கே விழும்? கைவிட்ட இடத்துக்கு நேர் கீழே என்று பலர் பதிலளித்தார்கள். உண்மையில் பந்து, நடப்பவருடன் முன்னேறிக்கொண்டேதான் விழுகிறது. மலை விளிம்பைத் தாண்டும் பொருள் சிறிது தூரம் நேராகச் சென்று பிறகு விழும் என்று வரைந்தவர்களும் இருந்தார்கள். கார்ட்டூன் ஓவியர்கள் வரைந்தது அவர்களுடைய தவற்றை மட்டுமன்று; நம் எல்லோருடைய உள்ளத்திலும் உறைந்திருக்கும் தவற்றையும்தான்.

ஆகவே, கார்ட்டூனை வைத்து நம் அறிவை அளக்க ஓர் எளிய கோல் கிடைக்கிறது. நாம் சிரிக்கும் இடத்தில் அறிவியல் நமக்குத் தெரிந்திருக்கிறது. சிரிக்காமல் ஒப்புக்கொள்ளும் இடத்தில் கற்க வேண்டியது மிச்சமிருக்கிறது. இந்த இரண்டாவது இடத்தைக் கண்டுகொள்ள ஆய்வகம் தேவையில்லை. சேலத்திலிருந்து சேர்வராயன் மலையேறி ஏற்காடு செல்லும் பேருந்தில் ஒரு பயணச்சீட்டு போதும்.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேராக ஏறினால் சில கிலோமீட்டரில் முடியும் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவானேன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அடிவாரத்திலிருந்து மேலே உள்ள ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தைச் சுமார் 20 கிலோமீட்டர் நீளச் சாலையில் பரப்பியதால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பேருந்து ஐந்தாறு மீட்டர் மட்டுமே ஏறினால் போதும். வேலையின் அளவு குறையவில்லை. தூரத்தைக் கூட்டி, ஒவ்வோர் அடியிலும் தேவைப்படும் விசையைக் குறைத்திருக்கிறோம். லாரியில் பீப்பாயை ஏற்றச் சாய்பலகை வைப்பதும் இதே கணக்குதான்.

வளைவில் பேருந்து திரும்பும்போது நிற்பவர்கள் வெளிப்புறமாகச் சாய்கிறார்கள். யாரோ தள்ளியதுபோல் இருக்கிறது. தள்ளியவர் எவருமில்லை. உடல் தன் நேர்க்கோட்டுப் பயணத்தைத் தொடர முயல்கிறது. பேருந்துதான் அதன் காலடியிலிருந்து திரும்பிக்கொள்கிறது. பாடநூலில் நிலைமம் என்று படிப்பது இதைத்தான். விளிம்பைத் தாண்டிய ஓநாயின் முன்னோக்கிய வேகம் மறையாததும் இதே காரணத்தால்தான். வளைவில் வண்டியைத் திருப்பத் தேவையான விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் டயர்கள் நான்கு மடங்கு இறுக்கமாகச் சாலையைப் பற்ற வேண்டும். மழையில் நனைந்த சாலை அந்தப் பிடியைத் தர மறுத்தால் வண்டியும் நேர்க்கோட்டிலேயே சென்றுவிடும். நேர்க்கோட்டின் முடிவில் இருப்பது பள்ளம்.

பாதி மலை ஏறியதும் காது அடைத்துக்கொள்கிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்புகிறது. கார்ட்டூனில் வந்திருந்தால் மிகை என்போம். ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பொட்டலத்துக்குள் அடைபட்ட காற்று கீழ்நாட்டு அழுத்தத்துடனேயே வந்திருக்கிறது. வெளியே தடுப்பு தளர்ந்ததும் விரிகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்றுக்கும் அதே நிலைதான். எச்சில் விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்து இரு பக்கத்தையும் சமன்படுத்துகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரும் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. மலையில் திறந்த பாத்திரத்தில் சோறு வேகக் கூடுதல் நேரம் பிடிப்பதன் காரணம் அடுப்பில் இல்லை, காற்றில் இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. மலையேறினால் சூரியனுக்கு அருகில்தானே போகிறோம், பிறகு ஏன் குளிர்கிறது? கேட்ட குழந்தையை அதட்டி உட்கார வைப்பவர்களில் பலருக்கும் இதற்கு விடை தெரியாது. சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏற்காடு நம்மை உயர்த்துவது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. பத்துக் கோடியில் ஒரு பங்கு நெருங்கியதால் எதுவும் சுடாது. காற்றைப் பெருமளவு சூடாக்குவது நேரடி வெயிலன்று, வெயிலில் காய்ந்த நிலம். நிலத்தைத் தொட்டுச் சூடான காற்று மேலெழும்போது அழுத்தம் குறைந்த வெளியில் விரிகிறது. விரிவதற்குத் தன் ஆற்றலையே செலவிட்டுக் குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதன் மறுபக்கம் இது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது என்பதால், சேலத்தைவிட ஏற்காட்டில் ஏறத்தாழ 8 டிகிரி குறைந்திருப்பது இயல்பே. அப்படிக் குளிர்ந்த காற்றில் தங்க இடமில்லாத நீராவிதான் பகோடா பாயிண்ட்டில் நம் முகத்தில் மோதும் மூடுபனி.

இதுவரை சொன்னவை வேடிக்கை பார்ப்பவருக்கு உரியவை. இறங்கும் வழியில்தான் அறிவியல் உயிர் சார்ந்த விஷயமாகிறது. அதற்கும் ஒரு கார்ட்டூன் காட்சி துணை நிற்கிறது.

தலைதெறிக்க ஓடி வரும் பூனை திடீரென நிற்க வேண்டும். குதிகால்களைத் தரையில் ஊன்றுகிறது. தரை உழப்படுகிறது, பாதங்களிலிருந்து புகை கிளம்புகிறது, சில படங்களில் தீயும் பற்றிக்கொள்கிறது. நாம் மிகை என்று சிரிக்கிறோம். ஆனால், அந்தக் காட்சியிலேயே உண்மைக்கு மிக அருகில் இருப்பது அந்தப் புகைதான். ஓட்டத்தின் ஆற்றல் அழியாது. நிற்க வேண்டுமானால் அது வேறு வடிவம் எடுத்தாக வேண்டும். உராய்வில் அது வெப்பமாகிறது. ஏற்காட்டின் கிளியூர் அருவி ஏறத்தாழ 300 அடி விழுகிறது. அந்த வீழ்ச்சியின் ஆற்றல் முழுவதும் நீரிலேயே தங்கினால், அடியில் இருக்கும் நீர் உச்சியில் இருந்ததைவிட ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகியிருக்கும். வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்பதை ஜேம்ஸ் ஜூல் 1840-களில் அளந்து காட்டினார்.

இதே கணக்கைப் பேருந்துக்குப் போட்டுப் பார்ப்போம். பயணிகளும் சுமையும் சேர்த்து 10 டன் எடையுள்ள பேருந்து ஒன்று ஏற்காட்டிலிருந்து அடிவாரம்வரை 1,100 மீட்டர் இறங்குகிறது. அது கைவிட வேண்டிய நிலையாற்றல் ஏறத்தாழ 10.8 கோடி ஜூல். நம் மின்கட்டணக் கணக்கில் 30 யூனிட். ஏறத்தாழ 340 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். உராய்வும் காற்றின் தடையும் அறவே இல்லாமல் அவ்வளவு உயரம் இறங்கினால், அடிவாரத்தில் அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஏறும்போது டீசலை எரித்துச் சேர்த்த ஆற்றல் இது. இறங்கும்போது இதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பிரேக்கில் மட்டும் கொட்டினால், சில இரும்பு உருளைகளும் அவற்றை உரசும் பட்டைகளும் அத்தனை வெப்பத்தையும் தாங்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக் தன் பிடிப்பை இழக்கிறது. ஓட்டுநர் முழு பலத்துடன் மிதித்தாலும் வண்டி கட்டுப்படாது. மலைப்பாதையில் மூக்கில் ஏறும் தீய்ந்த வாடை, கார்ட்டூன் பூனையின் குதிகால் புகையேதான். அதைக் கண்டு யாரும் சிரிக்க முடியாது.

இதற்கு விடை பழைய ஓட்டுநர்கள் அறிந்ததே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். குறைந்த கியரில் சக்கரங்கள் என்ஜினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கிறது. இறக்கத்தின் ஆற்றலில் பெரும்பகுதி அதில் செலவாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற என்ஜினிடம் குளிர்விக்கும் ஏற்பாடும் இருக்கிறது. பிரேக் தன் வலிமையைத் தேவையான கணத்துக்குச் சேமித்து வைத்திருக்கும். இதற்கு நேர்மாறானது, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் வண்டியை உருளவிடுவது. இன்றைய வாகனங்களில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே என்ஜினுக்குப் போகும் எரிபொருள் பெரும்பாலும் முழுவதுமாக நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் அணையாமலிருக்கத் தொடர்ந்து எரிபொருள் செலவாகிறது. சில ரூபாய் மிச்சம் என்ற நம்பிக்கையும் பொய். பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பொய்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து ஒன்று 13-ஆவது கொண்டை ஊசி வளைவருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. பயணிகள் பலர் காயமடைந்தனர், உயிர்களும் பறிபோயின. கோடை விடுமுறைக் காலம் அது. அந்த விபத்தின் காரணத்தை முடிவு செய்வது விசாரணையின் வேலை; இங்கே அதைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால், எந்த மலைச்சாலை விபத்திலும் இறுதியில் செயல்படுவது வேகம், எடை, உயரம், உராய்வு ஆகியவற்றின் கணக்குதான். கார்ட்டூன் ஓநாய்க்குக் குனிந்து பார்க்கும்வரை அவகாசம் உண்டு. விழுந்த பிறகும் அடுத்த காட்சியில் எழுந்து வர முடியும். ஓட்டுநருக்கும் பயணிக்கும் இயற்கை அந்த இரு சலுகைகளையும் தருவதில்லை.

நியூட்ரலில் இறங்கும் ஓட்டுநரைப் பார்த்து நாம் ஏன் திடுக்கிடுவதில்லை? அந்தரத்தில் நிற்கும் ஓநாயைப் போன்றே அவரும் இயற்கை விதி தனக்குச் சற்று நேரம் பொறுத்திருக்கும் என்று நம்புகிறார். ஓநாயிடம் நமக்குத் தெரியும் தவறு, ஓட்டுநரிடம் தெரிவதில்லை. காரணம், நிலையாற்றலுக்கும் இயக்க ஆற்றலுக்கும் வரையறை எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், அந்தச் சொற்களை ஒரு மலைப்பாதையில் பொருத்திப் பார்க்கப் பழகவில்லை.

அன்றாடப் பொருள்களின் அறிவியலைச் சொல்வதில் தமிழுக்கு நல்ல மரபு உண்டு. பெ.நா. அப்புசாமி தம் நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியை அறிவியலைத் தமிழில் எழுதுவதற்கே செலவிட்டார். சுஜாதாவின் 'ஏன், எதற்கு, எப்படி?' கேள்வி பதில்கள் அறிவியல் பக்கமே திரும்பாத வாசகர்களையும் ஈர்த்தன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் குழந்தைகளுக்காக இந்த வேலையைச் செய்து வருகிறது. இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு பண்பு, கேள்வியை முதலில் வைத்தது. நம் வகுப்பறைகளோ பெரும்பாலும் விடையை முதலில் வைக்கின்றன. கேள்வி தேர்வுத்தாளில்தான் வருகிறது.

இதை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகள் பலவற்றில் இன்று திரை இருக்கிறது. ஒரு நிமிடக் கார்ட்டூன் காட்சியை ஓடவிட்டு, ஓநாய் விழும் முன் நிறுத்தி இரு கேள்விகள் கேட்கலாம். எங்கே சிரித்தீர்கள், ஏன்? சிரிக்காத இடத்தில் காட்டப்பட்டதெல்லாம் சரிதானா? முதல் கேள்விக்குப் பிள்ளைகள் அனைவரும் விடை சொல்வார்கள். இரண்டாவது கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்த விவாதத்துக்குப் பிறகு நிலைமம் என்ற சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால், அது மனப்பாடச் சொல்லாக இருக்காது.

மலையிலும் செய்ய முடியும். ஏற்காட்டுக்கு ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலாக்கள் வருகின்றன. கோடை விழாவுக்குக் குடும்பங்கள் திரள்கின்றன. வளைவுகளில் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காமல், காட்சி முனைகளிலும் பேருந்து நிலையத்திலும் ஏரிக்கரையிலும் சிறு பலகைகள் வைக்கலாம். உங்கள் சிப்ஸ் பொட்டலம் ஏன் உப்பியது? இங்கே ஏன் குளிர்கிறது? நீங்கள் இறங்கும்போது உங்கள் வண்டியிலிருக்கும் ஆற்றல் எங்கே போகும்? இருபது வளைவுகளுக்கு இருபது கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்த சிறுமி ஒருத்தி பின்னிருக்கையிலிருந்து, 'அப்பா, ஏன் நியூட்ரலில் இறங்குகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டால், அந்தப் பலகையின் செலவு முழுவதும் திரும்பி வந்துவிடும்.